செருப்புக் காலோடு அளந்த வெளிச்சம்

மாலை ஆறு மணி நாற்பது. முதலில் கண்ணில் பட்டவை இரண்டு பாதங்கள்.

திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிப் புதிதாகக் கட்டிய ஒரு வணிக வளாகத்தின் முற்றம் அது. அன்று சித்ரா பௌர்ணமி. வளாகத்தின் திறப்பு விழாவும் அன்றுதான். முற்றத்தில் மலையைப் பார்த்த ஓரத்தில் பதின்மூன்று கல்தூண்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தூணின் அடியிலும் தரையோடு தரையாகப் புதைத்த இரண்டு விளக்குகள். ஐந்தாவது தூணருகே அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் மலையை நோக்கிக் கைகூப்பி நின்றார். வெறுங்கால். வலது பாதத்தின் முன்பகுதி விளக்கின் கண்ணாடி மேல் இருந்தது. கீழிருந்து வந்த வெளிச்சத்தில் அவருடைய விரல்களின் ஓரங்கள் செம்பருத்திப் பூவின் நிறத்தில் தெரிந்தன.

நான் கைபேசியை எடுத்து ஒரு படம் பிடித்தேன். யாரோ அழைத்தார்கள், பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் அதே இடத்தில் நின்றார். உதடுகள் மட்டும் அசைந்தன. இன்னொரு படம் எடுத்தேன். அதில் பதிவான நேரம் ஆறு நாற்பத்து நாலு.

அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். நான் வடிவமைத்த வெளிச்சம், நான் நினைத்த இடத்தில், நான் நினைத்ததைவிட நன்றாக விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். சென்னையில் இருந்த எங்கள் நிறுவனத் தலைவருக்கு அந்தப் படத்தை உடனே அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அது நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஏறிவிட்டது. பாராட்டுகள் வந்தன.

விளக்கு வடிவமைப்புத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னவர்கள், நான் வெளிச்சம் அமைத்த நல்ல இடங்களைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்தார்கள். இதை எழுதப்போகிறேன் என்றதும் அவர்களில் ஒருவர், நம் தொழிலை நாமே தாழ்த்திக்கொள்ளலாமா என்று கேட்டார். தாழ்த்துவதாகவே இருக்கட்டும். நல்ல இடங்களுக்குப் படங்கள் இருக்கின்றன, விருதுப் பலகைகள் இருக்கின்றன. இதற்கு நான் மட்டும்தான் இருக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு விவரங்கள் போதும். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் வேலூரில் ஒரு நாளிதழில் இரண்டு ஆண்டுகள் நிருபராக இருந்தேன். நேரத்தைக் குறித்துக்கொள்வது, எண்ணிப் பார்க்காமல் எண்ணிக்கையை எழுதாமல் இருப்பது என்ற இரண்டு பழக்கங்கள் அங்கிருந்து ஒட்டிக்கொண்டவை. இரண்டாவது விவரம், என் ஊர் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கம். நடக்கத் தெரிந்த வயதிலிருந்து நான் வெறுங்காலோடு சுற்றிய மலை இது. இந்த இரண்டாவது விவரம்தான் எனக்கு எதிரான சாட்சி.

வளாகத்தின் உரிமையாளர் முதலில் கேட்டது வேறு. முற்றத்தில் ஆறு உயரக் கம்பங்கள், கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம். "பஸ்ல வர்றவனுக்கு மலை தெரியறதுக்கு முன்னாடி நம்ம பில்டிங் தெரியணும் மேடம்," என்றார். நான் மறுத்தேன். இருட்டத் தொடங்கும் நேரத்தில் மலையின் விளிம்பு வானத்தோடு சேர்ந்து மெல்லக் கருக்கும். அதற்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவரை எழுப்ப என் பெயரைத் தரமாட்டேன் என்றேன். மூன்று மாதம் இந்தச் சண்டை நடந்தது. எங்கள் தலைவர்கூட, கேட்பதைக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்றார். நான் விடவில்லை. தரையில் புதைத்த விளக்குகள், தூண்கள் மட்டும் ஒளிரும், மலை மலையாகவே தெரியும் என்று வரைந்து காட்டினேன். கடைசியில் உரிமையாளர், "உங்க இஷ்டம் மேடம், படிச்சவங்க," என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அவர் கேட்ட கம்பங்களை வைத்திருந்தால் அசிங்கமாக இருந்திருக்கும். யார் காலும் வெந்திருக்காது.

திறப்பு விழா முடிந்து பதினோராம் நாள் ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். பெயர் கலைவாணி. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கணினிப் பிரிவில் வேலை. அப்பா நடேசன் அடி அண்ணாமலையில் நிலக்கடலை பயிரிடுபவர். பௌர்ணமிக்கு வீட்டு வாசலில் மோர்க்கடை போடுபவர். சித்ரா பௌர்ணமி அன்று கடையை மகளிடம் விட்டுவிட்டு மலை சுற்றப் போனவர், மறுநாள் காலை கால் கழுவும்போதுதான் வலது பாதத்தில் கொப்புளத்தைப் பார்த்திருக்கிறார். அது உடைந்து புண்ணாகி, இப்போது மருத்துவமனையில் இருக்கிறார். அன்று வழியில் அவர் நெடுநேரம் நின்றது இந்த முற்றத்து விளக்கின் மேல்தான் என்று விசாரித்து அறிந்த மகள், நுழைவாயில் பலகையில் என் பெயரைப் பார்த்து, நாலைந்து பேரிடம் கேட்டு என் எண்ணைப் பிடித்திருக்கிறார். "நேர்ல வாங்க மேடம். போன்ல பேசி ஒண்ணும் ஆகாது," என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறேகாலுக்கு முற்றத்தில் சந்தித்தோம். அலுவலகம் முடிந்து நேராக வந்திருந்தார். அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

"எங்கப்பா எங்க நின்னார்னு தெரியுமா உங்களுக்கு?"

ஐந்தாவது தூண் என்றேன். அவர் எதிர்பார்க்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டார். கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன். வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"அழகா எடுத்திருக்கீங்க," என்றார்.

அவர் பார்வை இறங்கி என் கால்களில் நின்றது.

"நீங்க செருப்பு போட்டுட்டுதானே இதெல்லாம் அளந்தீங்க?"

"ஆமாம்."

"கழட்டுங்க. அதே விளக்குல நில்லுங்க. எங்கப்பா நின்ன அளவுக்கு வேணாம். நூறு எண்ணுங்க, போதும்."

கழற்றிவிட்டு நின்றேன். விளக்குகள் எரியத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. கல் பகல் முழுக்க வாங்கிய வெயிலை இன்னும் விடவில்லை. முதலில் வெதுவெதுப்பாக இருந்தது. இருபதில் சூடு. முப்பதில் பல்லைக் கடித்தேன். முப்பத்தேழில் காலை எடுத்துவிட்டேன்.

"உங்களுக்குச் சுடுது, எடுத்துட்டீங்க," என்றார் கலைவாணி. "அவருக்குச் சுடலை."

நடேசனுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பாதங்களில் உணர்ச்சி போய்விட்டது.

என் பிழை எங்கே என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விளக்கின் கண்ணாடி எவ்வளவு சூடாகலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. என் விளக்கு அந்த வரம்புக்குள்தான் இருந்தது. தயாரித்தவர்களின் தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் அந்த எண், குளிர்ந்த அறையில் அளந்தது. சித்திரை மாதத்துத் திருவண்ணாமலைக் கல்லில் அளந்தது இல்லை. அந்த வரம்பும், போகிறபோக்கில் மிதிக்கும் காலுக்கானது. சுட்டதும் தானாக விலகும் காலுக்கானது. நானோ, நடந்து வருபவருக்கு மலை முழுதாகத் திறக்கும் இடமாகத் தேடித் தூண்களை நிறுத்தச் சொல்லி, அதன் அடியில் விளக்கைப் புதைத்தேன். மலை தெரிகிற இடத்தில் இந்த ஊர்க்காரர் நடந்துகொண்டிருக்கமாட்டார், நிற்பார். கைகூப்பி நிற்பார். ஆயிரம் முறை நானே நின்றிருக்கிறேன், வெறுங்காலோடு. வேலைக்கு வந்தபோது மட்டும் செருப்போடு வந்தேன்.

அங்கேயே நின்று தலைவரை அழைத்து, விளக்குகளை அணைக்க வேண்டும் என்றேன். திங்கட்கிழமை பேசலாம், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்றார். அடுத்து ஏழுமலையை அழைத்தேன். வளாகத்தின் மின் ஒப்பந்ததாரர், கீழ்பென்னாத்தூர்க்காரர். ஏன் என்று கேட்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் பைக்கில் வந்து இருபத்தாறு விளக்குகளின் இணைப்பையும் துண்டித்தார். பிறகுதான் விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு ஐந்தாவது தூணருகே குனிந்து, ஆறிக்கொண்டிருந்த கண்ணாடியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போனேன். நடேசன் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். நான் யாரென்று மகள் சொன்னார்.

"சூடு இருந்துச்சா, சூடு இருந்துச்சானு எல்லாரும் கேக்கறாங்கம்மா," என்று சிரித்தார். "எனக்கு எப்படித் தெரியும்? கால் செத்து நாலு வருஷம் ஆவுது. ஆனா வெளிச்சம் நல்லா இருந்துச்சு. மலை நல்லாத் தெரிஞ்சுது."

கலைவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். புண் ஏறியிருந்த கால்விரல் தங்குமா என்பதை இரண்டு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் மருத்துவர்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வளாகத்தின் மாடி அறையில் கூடினோம். உரிமையாளர், சென்னையிலிருந்து வந்த எங்கள் தலைவர், நான். ஏழுமலையை வாசல் பக்கம் ஒரு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். மூன்று நாளாக முற்றம் இருட்டாகக் கிடக்கிறது என்று உரிமையாளர் என்மேல் கோபமாக இருந்தார். தலைவர் பையிலிருந்து தட்டச்சு செய்த ஓர் அறிக்கையை எடுத்து என் முன் வைத்தார். வடிவமைப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது, மேலே கையெழுத்துக்கு இடம் இருந்தது.

அறிக்கை ஒரு பக்கம்தான். வடிவமைப்பு விதிகளுக்கு உட்பட்டது; விளக்குகளைப் பொருத்தியவர் குழியின் அடியில் ஜல்லி போடாததால் சூடு கீழே இறங்க வழியில்லாமல் கண்ணாடிக்கு ஏறிவிட்டது. இதுதான் சாரம். மின் ஆய்வு அலுவலகத்துக்கு ஒரு பிரதி போகும். ஏழுமலையின் உரிமம் ஆவணி மாதம் புதுப்பிக்க வேண்டியது. இப்படி ஓர் அறிக்கை கோப்பில் ஏறினால் புதுப்பிக்கமாட்டார்கள். அவரை நம்பி ஆறு பேர் வேலை செய்தார்கள். அந்த அறையில் இருந்த நால்வருக்கும் இது தெரியும்.

சர்க்கரை நோய்க்காரர் வெறுங்காலோடு வந்து விளக்கின்மேல் நிற்பார் என்று எந்த விதிப் புத்தகத்தில் இருக்கிறது என்று தலைவர் கேட்டார். இந்த ஊரில் வேறு எப்படி வருவார்கள் என்று நான் கேட்டேன்.

"உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் இருக்கு," என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "பேரோட போங்க. ஏழுமலைக்கு வேற வேலை கிடைக்கும்."

அப்போதுதான் வாசல் பக்கமிருந்து ஏழுமலை பேசினார்.

"சார், தப்பு என்னுதுன்னு எழுதணும்னா எழுதிக்கோங்க. ஆனா ஜல்லி போடலைனு மட்டும் எழுதாதீங்க. போட்டேன்."

ஒரு மனிதர் தன் உரிமத்தைக் கொடுத்துவிடத் தயாராக இருந்தார். தன் வேலையைப் பற்றிய ஒரு பொய்யை மட்டும் பொறுக்க அவர் தயாராக இல்லை. நான் பேனாவை மூடினேன். ஒரு விளக்கை இப்போதே தோண்டிப் பார்க்கலாம் என்றேன். தலைவர், அதற்கெல்லாம் நேரமில்லை என்றார். உரிமையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர்கள் வருவதற்காக நான் காத்திருக்கவில்லை, படியிறங்கினேன். ஏழுமலை பின்னால் வந்தார். சற்று நேரத்தில் மற்ற இருவரும் வந்தார்கள்.

ஐந்தாவது தூண். ஏழுமலை விளிம்புக் கல்லை நெம்பி, விளக்கைக் கூட்டோடு வெளியே எடுத்தார். குழிக்குள் நாடாவை விட்டு நானே அளந்தேன். என் வரைபடத்தில் ஜல்லி ஆறு அங்குலம். குழியில் எட்டு அங்குலம் இருந்தது.

"இதுல இருக்கு. மத்த இருபத்தஞ்சுல?" என்றார் தலைவர்.

"எல்லாத்தையும் தோண்டலாங்க சார்," என்றார் ஏழுமலை. "கடப்பாறையோடதான் வந்தேன்."

உரிமையாளர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காக வருந்தியவர்போல மாடிக்குப் போய்விட்டார். தலைவர் என்னைத் தனியாக அழைத்து, கைபேசியில் இருக்கும் அந்த இரண்டு படங்களையும் அழித்துவிடச் சொன்னார். நிறுவனத்தின் பக்கத்திலிருந்து ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். அழிக்கமாட்டேன் என்றேன். அவை இல்லாவிட்டால், அவர் ஒரு நொடி மிதித்தார் என்றுகூட எழுதலாம், வேறெங்கோ சுட்டுக்கொண்டார் என்றும் எழுதலாம். படங்கள் இருக்கும்வரை அவர் நின்றது நான்கு நிமிடம், நின்ற இடம் நான் காட்டிய இடம்.

அன்று மாலையே என் அறிக்கையை எழுதினேன். நாளிதழில் செய்தி எழுதுவதுபோல. விளக்குகளின் இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் நான். அங்கு மக்கள் வெறுங்காலோடு நீண்ட நேரம் நிற்பார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியும். வெயில் காலத்தில், இங்குள்ள கல்லில் சூட்டை அளக்காமல் தாளில் இருந்த எண்ணை ஏற்றுக்கொண்டேன். பொருத்திய வேலையில் குறை இல்லை. குழியைத் தோண்டி அளந்தேன். இரண்டு படங்களையும் நேரத்தோடு இணைத்து உரிமையாளருக்கும் தலைவருக்கும் மின் ஆய்வு அலுவலகத்துக்கும் அனுப்பினேன். ஒரு பிரதி கலைவாணிக்கு. அவர் மறுநாள் காலை, அப்பாவின் மருத்துவ அறிக்கையை ஒரு வார்த்தையும் சேர்க்காமல் எனக்கு அனுப்பிவைத்தார்.

அதன்பின் நிறுவனத்தில் எனக்குப் புதிய வேலை எதுவும் தரவில்லை. கூட்டங்களுக்கு அழைக்கவில்லை. இப்படி ஒதுக்கினால் நான் வந்து மன்னிப்புக் கேட்பேன் என்று நினைத்தார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் மருத்துவமனைக் கட்டிலருகே கேட்டாகிவிட்டது. வேறு யாரிடமும் எனக்குப் பாக்கி இல்லை. ஆடி மாதம் விலகினேன். வழியனுப்பு விழா வைக்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

விலகுவதற்கு முன் அந்த முற்றத்துக்கு ஒரு வேலை மீதம் இருந்தது. இனியாவது கம்பங்கள் வைக்கலாமே என்று உரிமையாளர் மறுபடி கேட்டார். "அன்னிக்கே நான் சொன்னதக் கேட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா மேடம்?" அந்தக் குத்தல் நியாயமானது, வாங்கிக்கொண்டேன். கம்பங்களுக்கு மட்டும் அப்போதும் ஒப்பவில்லை. நான் செய்த தவறு விளக்கைக் காலடியில் வைத்தது. மலையை மறைக்காமல் இருந்தது தவறில்லை. ஒன்றில் தோற்றதற்காக இன்னொன்றையும் விட்டுக்கொடுப்பது நேர்மை என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூண்களின் உச்சியில், யார் கைக்கும் காலுக்கும் எட்டாத உயரத்தில், மூடி போட்ட சிறு விளக்குகளை வரைந்து கொடுத்தேன். வரைவதற்கு முன் மூன்று மாலைகள் அந்த முற்றத்தில் வெறுங்காலோடு நின்றேன். காவலாளி எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்.

உங்களில் சிலர் இந்த ஆண்டே முதல் கையெழுத்தைப் போடப்போகிறீர்கள். உங்களுக்கு முன்னால் வைக்கப்படும் தாளில் எண்கள் சரியாக இருக்கும். விதி எண் இருக்கும். கீழே ஒரு சின்ன மனிதரின் பெயர் இருக்கும், எல்லாப் பழியும் அந்தப் பெயரில் போய் முடியும்படி வாக்கியங்கள் அமைந்திருக்கும். அவசரம் என்பார்கள். வழக்கம் என்பார்கள். குழியைத் தோண்டச் சொல்லுங்கள். உங்கள் வரைபடத்தைவிட ஆழமாக யாரோ வேலை செய்திருப்பார், நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். அதற்கும் முன்னால், இடம் பார்க்கப் போகும்போது செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ஏழுமலையின் உரிமம் ஆவணி மாதம் புதுப்பிக்கப்பட்டது. இருபத்தாறு குழிகளையும் அவர்தான் மூடினார். மூடிய கல்லின் நிறம் இன்னும் மற்றக் கல்லோடு சேரவில்லை. தூணுக்கு இரண்டு வட்டமாகத் தெரியும். நடேசன் பௌர்ணமிதோறும் மலை சுற்றுகிறார். செருப்புப் போடச் சொல்லி மகள் கேட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டார். ஐந்தாவது தூணருகே வந்ததும் நிற்கிறார்.

அவருடைய வலது பாதத்தில் நான்கு விரல்கள் இருக்கின்றன.